ஐம்பது தொன் அடிப்பாரம்

டொய்ல் சுருட்டிக் கொண்டுவந்த வரைபடத்தை மேசையில் விரித்து, அது திரும்பச் சுருளாதபடி நாலு மூலையிலும் தேநீர்க் கோப்பை, மைப் போத்தல், அடிமட்டம், தன் சிகரெட் பெட்டி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வைத்தான். இந்திரகுமாரின் கண்ணில் முதலில் பட்டது வலது பக்கக் கீழ் மூலையில் இருந்த இரண்டு ஆங்கில எழுத்துகள். அவருடைய பெயரின் முதலெழுத்துகள், அவருடைய கையாலேயே எழுதியவை. பக்கத்தில் திகதியும் இருந்தது: 8-4-42.

இந்த இடத்தில் அவருக்கு நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எப்போதைக்குத் தேவை என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் என்றான் டொய்ல். அன்று திங்கள். 1974ஆம் ஆண்டு ஜூன் மாதம், மெல்பேர்ணில் வில்லியம்ஸ்டவுன் துறைமுகத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகையின் மேல்மாடி. பழைய கப்பல்களை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கும் சின்னக் கம்பெனி அது. டொய்ல் முதலாளி, இந்திரகுமார் படவரைஞர், இவர்களைத் தவிர ரைப் அடிக்கும் பெண் ஒருத்தி.

இந்திரகுமாருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு பக்கமாகவே படுத்துக் கிடந்து எழும்பினால் கை மரத்துப்போய் யாருடையதோ போல் தொங்குமே, அவருக்கு ஆளே அப்படித்தான். கோபம் வராது, சிரிப்பு வந்தாலும் உதட்டோடு சரி. பழகியவர்கள் அதைச் சாந்த குணம் என்றார்கள். கோயிலில் கிழவிகள் அவரைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதும் உண்டு. சாந்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த மனுசனுக்கு முப்பத்திரண்டு வருடமாக ஒன்றும் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

கப்பலின் பெயரை இங்கே இழுக்க வேண்டாம். போருக்குச் சற்று முன்னர் பிரித்தானியர் வரைந்த நாசகாரிக் கப்பல் அது. நீளம் முந்நூற்றைம்பது அடிக்குக் கொஞ்சம் மேலே, அகலம் அதில் பத்தில் ஒன்று. ஓடுவதற்கென்றே பிறந்த ஒல்லி உடம்பு. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மூன்று இரட்டைப் பீரங்கிகள். நடுவில் ஐந்தைந்து குழாய்களாக இரண்டு டோர்ப்பிடோத் தொகுதிகள். வரைந்த மகராசர்கள் எதிரி கடலோடுதான் வருவான் என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பீரங்கிகள் நாற்பது பாகைக்கு மேல் நிமிராது. தலைக்கு நேரே விமானம் வந்து குண்டு போட்டால் பீரங்கிக்காரர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சில கப்பல்களைக் கடலடிக்குக் கொடுத்த பிறகு புத்தி வந்தது. பின்பக்க டோர்ப்பிடோத் தொகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் நாலங்குலப் பீரங்கி ஒன்றை நட்டார்கள். கட்டளை மேடையின் இரண்டு தோள்களிலும் ஓர்லிக்கன் துப்பாக்கிகள் ஏறின. பாய்மரத்தில் ராடார் ஏறியது. பின்தளத்தில் நீர்மூழ்கிகளுக்கென்று வெடிபீப்பாய்கள் முன்னையதைப் போல் இரண்டு மடங்கு. எல்லாம் வேண்டிய சாமான்தான். ஆனால் எல்லாமே மேலே போயின. ஒல்லிக் கப்பலின் உச்சியில் பாரம் கூடினால், ஒரு பக்கம் சரிந்த பிறகு நிமிர்வதற்கு அது யோசிக்கத் தொடங்கும். அதற்கு ஈடாக ஆக அடியில் வார்ப்பிரும்புக் கட்டிகளை அடுக்குவார்கள். அதுதான் அடிப்பாரம். இந்தக் கப்பலுக்கு ஐம்பது தொன். பின்பக்கக் குண்டறைக்குக் கீழே, ஆள் குனிந்துதான் இறங்க வேண்டிய ஒரு அறையில்.

போர் முடிந்து கப்பல் அவுஸ்திரேலியாவுக்குக் கைமாறி வந்து, கடைசியில் கடற்படைப் பயிற்சிப் பையன்கள் படுத்தெழும்பும் மிதக்கும் விடுதியாகி, அதற்கும் உதவாமல் போய்விட்டது. முன்பீரங்கிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு தட்டுப் பலகை வீடு கட்டியிருந்தார்கள். அடியிலிருந்த கொதிகலன்களையும் சுழலிகளையும் உலோகமாகப் பிரித்து எடுத்துவிட்டார்கள். ஆக, மேலே வீடு, கீழே வெறுமை. இதை இழுவைப்படகின் பின்னால் கட்டி ஹொங்கொங்குக்குக் கொண்டுபோக வேண்டும், உடைப்பதற்கு. கயிறு பார்க்கவும் விளக்குக் கொளுத்தவும் ஆறு பேர் கப்பலுக்குள்ளேயே இருந்து போவார்கள். இது கவிழாது என்று கணக்குப் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டியவர் இந்திரகுமார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் கணக்கு முடிந்துவிட்டது. அடியில் அந்த ஐம்பது தொன் இருந்தால் கப்பல் ஆடி ஆடியாவது போய்ச் சேரும். இல்லாவிட்டால் பாஸ் நீரிணையின் குளிர்காலத்து அலை ஒன்று விலாவில் அறைந்தால் போதும், பிறகு நிமிராது. ஆறு பேரும் போர்வைக்குள்ளேயே போய்விடுவார்கள். வரைபடத்தில் ஐம்பது தொன் இருந்தது. அடுக்கடுக்காக, வரிசை வரிசையாக, ஒவ்வொரு அடுக்குக்கும் அளவு போட்டு மிக வடிவாக இருந்தது. அதை வரைந்தவருக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி என்னவென்றால், அவர் அந்த அறையை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை.

அது திருகோணமலையில் நடந்தது. அங்கே பிரித்தானியரின் கடற்படை டொக்யாட்டில் இந்திரகுமார் இருபத்தொரு வயதுப் படவரைஞர். அவருடைய தமையன் கணேசலிங்கம் அதே டொக்யாட்டில் பாரம் தூக்கும் கூட்டத்துக்குக் கங்காணி. தம்பியை இங்கிலிஷ் படிக்க வைத்ததும், துரையைப் பிடித்து மேசை வேலை எடுத்துக் கொடுத்ததும் அந்தத் தமையன்தான். டொக்யாட்டில் ஒரு முறை இருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று துரை எழுதிய துண்டை வேலைக் கூட்டத்திடம் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் படவரைஞன் இறங்கிப் போய், உண்மையில் எது எங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்து வரைய வேண்டும். துண்டைப் பார்த்து வரையக்கூடாது. கப்பலைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். தன் எழுத்தை மூலையில் வைத்தால், நான் கண்டேன் என்று சத்தியம் செய்தது போல.

1942ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். அடுத்தது திருகோணமலைதான் என்று ஊரெல்லாம் பேச்சு. புதன்கிழமை, ஏப்ரல் எட்டாம் திகதி, துறைமுகத்தில் நின்ற கப்பல்களையெல்லாம் பொழுதுபட வெளியே கடலுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. இந்தக் கப்பலுக்கோ புதுப் பீரங்கி ஏறியாயிற்று, அடிப்பாரம் இன்னும் ஏறவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு இந்திரகுமார் துண்டைக் கொண்டுபோய்த் தமையனிடம் கொடுத்தார். ஆறு மணிக்கு வா, அடுக்கி வைக்கிறேன், அளக்கலாம் என்றார் தமையன். அப்போதே கூட்டத்தில் பாதிப் பேரைக் காணவில்லை.

ஆறு மணிக்கு இந்திரகுமார் போகவில்லை. நாலரை மணிக்கு டொக்யாட் வாசலில் யாழ்ப்பாணம் போகிற லொறி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. டைம்கீப்பர் ஆள்வரவு பதியும் தன் இடாப்பையும் எறிந்துவிட்டு அதில் ஏறிக்கொண்டிருந்தார். அவர் நீட்டிய கையைப் பிடித்து இந்திரகுமாரும் ஏறிவிட்டார். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்வதற்கில்லை. கால் ஏறியது, ஆளும் கூடப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணி கழிந்து குண்டு விழுந்தது. கணேசலிங்கமும் அவருடைய ஆட்கள் ஆறு பேரும் டொக்யாட்டுக்கு வெளியே, கண்டி வீதியில், ஒரே குண்டில் செத்துக் கிடந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் சாரத் துணியில் சுற்றிய பொட்டலம். பொட்டலத்தோடு வீதியில் கிடந்தால் ஊர் என்ன சொல்லும்? ஓடும்போது செத்தார்கள் என்று சொன்னது.

பத்து நாள் கழித்து இந்திரகுமார் திரும்பி வந்தார். தமையனைப் புதைத்தாயிற்று. கப்பல் போய்விட்டது. துரை வரைபடத்தைக் கேட்டான். இல்லை, நான் ஓடிவிட்டேன் என்றால் போர்க்காலத்தில் கம்பி எண்ண வேண்டியதுதான். வீட்டில் தமையனின் பெண்சாதி பவளம் ஐந்து மாதக் கர்ப்பிணி, உழைப்பதற்கு அவரை விட்டால் நாதியில்லை. துண்டின் பிரதியைப் பார்த்து வரைந்தார். எட்டாம் திகதியைப் போட்டு, எழுத்தையும் வைத்தார். துரை இன்னொரு கேள்வியும் கேட்டான். கூலிகள் ஓடிவிட்டார்களே, பாரத்தை யார் ஏற்றினது? கப்பல்காரர்களே ஏற்றினார்கள், நான் நின்று அளந்தேன் என்றார் இந்திரகுமார். தமையன் ஓடிவிட்டார் என்றே அவரும் நம்பினார். செத்தவருக்கு இனி என்ன வந்துவிடப் போகிறது என்றும் நினைத்தார். துரை புது இடாப்பைத் திறந்து, எட்டாம் திகதிக்கு, ஏழு பெயர்களுக்கும் எதிரே வேலையை விட்டு ஓடியவர் என்று எழுதினான். இந்திரகுமாரின் பெயருக்கு எதிரே, சமுகமளித்தார்.

அன்றிலிருந்து ஊர் ஒரே வாயாகச் சொன்னது, மூத்தவன் ஓடினான், இளையவன் நின்றான் என்று. பவளம் ஓடிச் செத்தவனின் பெண்சாதி ஆனாள். ஆவணியில் பிறந்த யோகா ஓடிச் செத்தவனின் மகள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டியில் அவள் முதலாவதாக வந்தபோது, அது பரம்பரையில் வந்தது என்று ஒரு வாத்தியார் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் ஓடவே இல்லை. இந்திரகுமார் கலியாணம் செய்யாமல் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டார். யோகா படித்து டொக்டராகி, மெல்பேர்ணுக்கு வேலைக்கு வந்து, தாயையும் சித்தப்பாவையும் ஃபுட்ஸ்கிரேயில் தன் வீட்டுக்கே கூப்பிட்டுக்கொண்டாள். பவளம் இன்றும் சபையில் அவருக்குத்தான் முதல் கதிரை போடுவாள். அவர் அதில் உட்காருவார், ஒன்றும் உறைக்காது.

வியாழக்கிழமை டொய்ல் படிவத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது. இந்திரகுமார் பேனையைத் திறந்தார், மூடினார். அந்த ஆறு பேரில் இரண்டு பேரை அவருக்குத் தெரியும். ஒருவன் மோல்டாக்காரன், கீழே கொட்டகையில் எப்போதும் பாணும் வெங்காயமும் தின்றுகொண்டிருப்பான். அவர்களுக்காக அவர் மனம் துடித்தது என்று சொல்ல முடியாது. துடிக்கவில்லை. கவிழும் என்று தெரிந்துகொண்டு கையெழுத்து வைப்பது சரியில்லை என்பது மட்டும், கூட்டலில் பிழை இருப்பதுபோல, தெரிந்தது. இரும்பு அங்கே இருக்க முடியாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஏற்ற வேண்டியவர்கள்தான் ஓடிவிட்டார்களே.

அவர் படி இறங்கிப் போய் டொய்லிடம் சொன்னார். அந்த வரைபடத்தை வரைந்தது நான்தான், கண்ணால் பாராமல் வரைந்தேன், அடியில் இரும்பு இருக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருடம் தொண்டைக்குள் கிடந்தது, ஒரு சிகரெட் சாம்பல் விழுவதற்குள் வெளியே வந்துவிட்டது. வேலை போய்விடும் என்று நினைத்தார். பொலிஸ் வரும் என்றுகூட ஒரு மூலையில் நினைத்தார்.

டொய்ல் சாம்பலைக் கோப்பைக்குள் தட்டினான். பிறகு, கப்பல் அங்கேதானே நிற்கிறது, போய் மூடியைத் திறந்து பார், என்றான்.

இவ்வளவுதான் விசயம். ஒரு மூடியைக் கழற்றிப் பார்க்கிற வேலை. போர்க்காலத்திலேயே அந்தக் கப்பல் மூன்று தரம் திருகோணமலைக்குத் திரும்பி வந்தது. ஒருமுறை பதினொரு நாள் டொக்யாட் மதிலோடு கட்டிக் கிடந்தது. இந்திரகுமார் அந்தப் பதினொரு நாளும் சுகமில்லை என்று வீட்டில் படுத்திருந்தார். திறந்து பார்த்து அறை வெறுமையாக இருந்தால் சொல்ல வேண்டி வரும். அதைவிடத் திறக்காமல் விடுவது சுலபமாக இருந்தது.

மூடியைக் கழற்ற கிரேக்கப் பிட்டர் ஒருவன் கைவிளக்கோடு கூட வந்தான். கப்பலுக்குள் நனைந்த பலகை மணமும் எலி மணமும். நடுத்தளத்தில் அந்த வானத்துப் பீரங்கி இருந்த இடம் வட்டமாகத் துரு ஏறிக் கிடந்தது. குண்டறையைத் தாண்டி, இன்னும் கீழே, பதினாறு மரையாணி போட்ட மூடி ஒன்று. ஒவ்வொன்றாகக் கழற்ற முக்கால் மணித்தியாலம் பிடித்தது. பிட்டர் காற்று ஓடட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, பிறகு விளக்கை உள்ளே நீட்டிப் பார்த்து, நிறைய இருக்கிறது என்று விரலால் காட்டினான்.

இந்திரகுமார் காலை விட்டு இறங்கினார். இரும்புக் கட்டிகள் அடுக்கடுக்காக, வரிசை வரிசையாக, அவர் துண்டைப் பார்த்து வரைந்த அதே ஒழுங்கில் கிடந்தன. ஒரு கட்டிகூட விலகவில்லை. ஆறு மணிக்குள் முடியாத வேலை அது. பாதி ஆட்கள் போன பிறகு மிச்சம் நின்றவர்கள் கப்பல் கயிறு அவிழ்க்கும் வரை தூக்கியிருக்க வேண்டும். விடிந்த பிறகு, மாற்றிய உடுப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கிறார்கள்.

விளக்கைத் திருப்பியபோது எதிர்ப்பக்கத்து இரும்புச் சுவரில் எழுத்துத் தெரிந்தது. செம்பூச்சின் மேல் வெள்ளைப் பெயின்ரால் எழுதிய தமிழ். தமையனின் எழுத்து, அகலக் கால் வைத்து, கொம்புகளைப் பெரிதாகச் சுழித்து எழுதும் எழுத்து.

*8-4-42. டைம்கீப்பர் இல்லை. வேலைக்கு நின்றவர்கள்: கணேசலிங்கம். சூசைமுத்து. வீரசிங்கம். காசிம்பாவா. பரமு. பொன்னுச்சாமி. மலையாளத்து கோபாலன். இந்திரகுமார். தம்பி, அளக்க வரும்போது பார்த்து இடாப்பில் பதியவும்.*

அவர் எட்டாவது பெயரைத் திரும்ப ஒருமுறை படித்தார். ஆறு மணிக்குத் தம்பி வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. எங்கே போயிருப்பான் என்று தமையனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டுதான் தம்பியின் பெயரையும் நின்றவர்களோடு எழுதியிருக்கிறார். கப்பல் நாளை, மறுநாள் திரும்பும்போது எப்படியும் வருவான், வந்து பார்ப்பான், அவனுக்கும் சேர்த்துப் பதிந்துகொள்வான் என்று.

மேலேயிருந்து பிட்டர், எல்லாம் சரிதானே என்று கேட்டான். சரி என்றார் இந்திரகுமார். அழுகை வரும் என்று காத்துக்கொண்டு இரும்பின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வரவில்லை. இரும்பின் குளிர் காற்சட்டையைத் தாண்டி ஏறியதுதான் மிச்சம். எழும்பி, படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அடுக்குகளை எண்ணி அளந்து குறித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருடம் பிந்திச் செய்த வேலையானாலும் ஒழுங்காகச் செய்தார்.

மேலே வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உன் வரைபடம் சரியாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் இந்த ஆர்ப்பாட்டம், என்று டொய்ல் சிரித்தான். கப்பல் திங்கட்கிழமை போகும் என்றான்.

வீட்டுக்குப் போனபோது யோகா ஆஸ்பத்திரியால் இன்னும் வந்திருக்கவில்லை. பவளம் குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். இந்திரகுமார் கோட்டைக் கழற்றாமலே எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் கப்பலைப் பற்றியும், இரும்பைப் பற்றியும், சுவரில் கிடந்த எழுத்தைப் பற்றியும் சொன்னார். பவளத்தின் கை நின்றது.

"அவரின்ரை எழுத்தோ?"

"ஓம் மச்சாள். அண்ணேன்ரை எழுத்து."

"வடிவாப் பாத்தனீரோ?"

"ஓம்."

அவள் பயற்றங்காயைத் தள்ளி வைத்தாள். பிறகு பெயர்களைச் சொல்லச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலையாட்டினாள். சூசைமுத்துவின் பெண்சாதி கிணற்றில் விழுந்ததை அவள் அறிவாள், பரமுவின் தாய் கோயில் வாசலில் இருந்து பிச்சை எடுத்ததையும் அறிவாள். எட்டாவதாக அவர் தன் பெயரைச் சொன்னபோதும் அதே மாதிரித் தலையாட்டினாள்.

"நீர் நிண்டது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே," என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. தமையனே தன் கையால் எழுதி வைத்துவிட்டுப் போன சாட்சி, இன்னும் கொஞ்ச நாளில் ஹொங்கொங்கில் உருகிப் போகும். இந்திரகுமார் கோட்டைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டார்.

"நான் நிக்கேல்லை மச்சாள்."

லொறியைச் சொன்னார். துண்டைப் பார்த்து வரைந்ததைச் சொன்னார். துரை கேட்ட கேள்வியையும், கப்பல்காரர் ஏற்றினார்கள் என்று தான் சொன்ன பதிலையும், அந்தப் பதிலை வைத்துத்தான் துரை ஏழு பெயருக்கும் எதிரே எழுதினான் என்பதையும் சொன்னார். பவளம் அவருடைய முகத்தைப் பார்க்காமல் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டு நின்று, பிறகு ஓய்ந்தது.

"அந்தக் கப்பல் பிறகு திருக்கோணமலைக்கு வந்ததோ?"

"வந்தது. மூண்டு தரம்."

"எத்தினை நாள் நிண்டது?"

"ஒருக்கா பதினொரு நாள்."

"நீர் இறங்கிப் பாக்கேல்லை."

அவர் இல்லை என்றார்.

பவளம் எழும்பிப் போனாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவாள் என்று அவர் நினைத்தார். அவள் யோகாவின் மேசையிலிருந்து கோடு போட்ட தாள் ஒன்றும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"எழுதும். அவர் எழுதின மாதிரியே எழுதும். பிள்ளை வந்தவுடனை குடுக்கவேணும்."

அவர் திகதியை எழுதினார். டைம்கீப்பர் இல்லை என்று எழுதினார். கணேசலிங்கம் தொடங்கி கோபாலன் வரை ஏழு பெயரை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுப் பேனையை வைத்தார்.

"எட்டுப் பேர் எண்டல்லோ சொன்னனீர்."

"அது..."

"அவர் எழுதினதை நீர் விடக்கூடாது. எழுதும்."

அவர் தன் பெயரை எழுதினார். பவளம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, மேலிருந்து கீழே எல்லாப் பெயர்களையும் விரல் வைத்துப் படித்தாள். கடைசிப் பெயரில் விரல் நின்றது.

"இப்ப இதுக்கு நேரை, வரேல்லை எண்டு போடும்."

இந்திரகுமார் பேனையை எடுத்தார். வரவில்லை என்று எழுதினார். அந்த ஐந்து எழுத்தையும் எழுதி முடித்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. தோள் குலுங்க, வாயை மூட முடியாமல், குழந்தைப் பிள்ளை போல அழுதார். பவளம் ஈரம் படாமல் தாளை அவருடைய கைக்குக் கீழேயிருந்து இழுத்து எடுத்தாள். அவரைத் தேற்றவில்லை.